கப்பு அடிக்கும் ஊருக்கு ஒரு விளம்பரம்

அன்பு மகனே என்று ஆரம்பித்தால் நீ பயந்துவிடுவாய். நான் உன்னை அன்பு என்று கூப்பிட்ட போதெல்லாம் பின்னாலேயே ஒரு வேலையோ ஒரு திட்டோ வந்திருக்கிறது. இன்றைக்கு இரண்டும் வருகிறது. போனில் சொல்லிப் பார்த்தேன். நீ "ம்... ம்..." என்றாய், அந்த "ம்"முக்குப் பின்னால் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. தபாலில் போட்டால் கல்யாண அவசரத்தில் மேசை மேல் கிடக்கும். அதனால் பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன். நாலு பேர் படித்துவிட்டு உன்னிடம் கேட்டால் நீயும் படித்துத்தானே ஆக வேண்டும்? "அவன் மூஞ்ச தூக்கி வெச்சுக்குவான்" என்றார் உன் அப்பா. வைத்துக்கொள்ளட்டும். அந்த மூஞ்சியைப் பெற்றவள் நான். அது எவ்வளவு நேரம் தூக்கியபடி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு நீ போட்ட திட்டத்தைப் பார்த்தேன். முதல் நாள் சென்னையில் மண்டபம். மறுநாள் கடற்கரைச் சாலையில் ஏதோ ரிசார்ட்டில் "உப்பங்கழி விருந்து", பெண் வீட்டாருக்குப் படகு சவாரி. உப்பங்கழி ஓரத்திலேயே உனக்கு ஒரு வீடு இருக்கும்போது, படகு ஓட்டிய கை வளர்த்த பிள்ளை நீ, உப்பங்கழியை வாடகைக்கு எடுத்திருக்கிறாய்! மறுவீட்டு விருந்து நம் வீட்டில்தானே நடக்கணும் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே போடுகிறேன்: "அம்மா, அங்க இன்னா இருக்குது காட்டறதுக்கு? அவங்க வந்து மூக்கப் பொத்திக்கினு நிப்பாங்க. எனக்கு பேஜாரா பூடும்." டேய், சுற்றுலா விற்றுச் சம்பளம் வாங்குகிறவன் நீ. பெயரே இல்லாத மலைக்கெல்லாம் "மேகங்களின் வாசல்" என்று பெயர் சூட்டி ஆள் அனுப்புகிறாய். உன் அம்மா ஊருக்கு மட்டும் உனக்கு ஒரு வரி அகப்படவில்லை. எனக்கு அகப்பட்டது. உன்னில் பாதி வயதில், எவனும் கற்றுக்கொடுக்காமல், கரித்துண்டால் எழுதினேன். அந்தக் கதையை உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், நீ என்னைப் போல் ஆகிவிடுவாயோ என்று பயம். இப்போது நீ என்னைப் போல் ஆகவில்லையே என்று பயம்.

எழுபதுகளின் தொடக்கம். நான் பத்தாம் வகுப்பு. குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் ரெண்டு மூணு பேர்தான். நான் ஒன்றும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. டஸ்டர் வைக்கிற டப்பாவில் உயிர் நண்டை வைத்தது நான்தான் என்பது எல்லா வாத்தியாருக்கும் தெரியும், நிரூபிக்கத்தான் முடியவில்லை. நண்டுக்குச் சாட்சி சொல்லத் தெரியாதே. எங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தவர் குணசேகரன் சார். சட்டையை இஸ்திரி போட்டு, வாக்கியத்தையும் இஸ்திரி போட்டுப் பேசுவார். ஒருநாள் கட்டுரை நோட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "விடுமுறைச் சுற்றுலா எழுதச் சொன்னால் எல்லாரும் ஊட்டிக்குப் போயிருக்கிறீர்கள். ஊட்டியை நேரில் பார்த்தவர்கள் கை தூக்கலாம்" என்றார். ஒரு கையும் எழவில்லை. "அப்படியென்றால் இனிமேல் கட்டுரை கிடையாது. திட்டம் போடுங்கள். நம் வட்டாரத்துக்குள் ஒரே நாளில் போய் வரக்கூடிய இடம். எந்த பஸ், எங்கே சாப்பாடு, எதைப் பார்ப்பது, எல்லாம் நீங்களே. அதற்கு ஒரு விளம்பரத் தட்டி எழுதி வராந்தாவில் மாட்டுங்கள். வர விரும்புகிறவர்கள் கீழே பெயர் எழுதட்டும். எந்தத் தட்டியில் பெயர் அதிகமோ, பள்ளிக்கூடம் அங்கே போகும்" என்றார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு விதி சொன்னார்: "தட்டியில் எழுதினது அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும். இல்லாததை எழுதுகிறவர்களுக்கு மார்க் இல்லை."

திருவள்ளூர்ப் பிள்ளைகள் கோயில் குளத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் பூண்டி ஏரியை எடுத்தது. முரளி என்று ஒருவன், சோழவரத்துக்காரன். அவன் கூட்டம் சோழவரம் ரேஸ் மைதானம் என்றது. கார் ரேஸ் என்றால் அந்தக் காலத்தில் பையன்களுக்குச் சோறு வேண்டாம். நானும் என் சிநேகிதி எஸ்தரும் எங்கள் பழவேற்காட்டு ஏரியை எடுத்தோம். எஸ்தர் கும்மிடிப்பூண்டிப் பக்கம். அவள் அப்பா வயல் கூலியை விட்டுவிட்டுப் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருந்தார். எனக்கு வாய், அவளுக்குக் கை; அழகாகப் படம் போடுவாள். நாங்கள் தட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது முரளி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க ஊர்ல ரேஸ்ல ஜெயிச்சாத்தான் கப்பு. உங்க ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்கினாலே கப்பு" என்றான். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

"எங்க ஊரு கப்பு வந்தவங்க எல்லாருக்கும் கெடைக்கும். உங்க ஊரு கப்பு ஒருத்தனுக்குத்தான். கஞ்சனுங்கடா நீங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்த முறை என் பக்கம் நின்று.

எங்கள் தட்டியில் மூன்று விஷயம். பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறை. அதன் வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டை எஸ்தர் பல்லிளிக்க வரைந்தாள், நான் கீழே "எலும்புக்கூடு இலவசம்" என்று எழுதினேன். ஏரிக்கு வருகிற பூநாரைகள். மூன்றாவது, பெரிய எழுத்தில், படகு சவாரி. படகு என்ற சொல்லுக்குத்தான் பெயர்கள் விழுந்தன. எண்ணிக்கையில் முரளி தட்டியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டோம்.

இங்கே உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும், படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுப் பாடுவதும் இல்லை, படாத பாடும் இல்லை, முறை. இன்றைக்கு ஒரு குப்பத்துக்கு, நாளைக்கு அடுத்ததற்கு, அப்புறம் மூன்றாவதற்கு, மறுபடி முதலாவதற்கு. எங்கள் பாடு வருகிற நாளில் ஊரில் ஒரு படகும் கரையில் நிற்காது. அன்றைக்குக் கிடைக்கிற இறால்தான் அடுத்த முறை வரைக்கும் அடுப்பு. மற்ற நாட்களில் படகுகள் சும்மா கிடக்கும், நாய் ஏறித் தூங்கும். நான் விரல் விட்டு எண்ணித்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் சுற்றுலாவுக்குக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடு இல்லை. என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவரிடம் படகு கேட்டேன், "ஓட்டிக்கினு போறேன், போ" என்று அவரும் சொல்லிவிட்டார்.

சுற்றுலாவுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது பக்கத்துக் குப்பத்தில் ஒரு தாத்தா செத்துப்போனார். சாவு விழுந்தால் அன்றைக்கு ஏரியில் யாரும் இறங்க மாட்டார்கள். அந்தப் பாடு அப்படியே மறுநாளுக்குத் தள்ளிப் போகும், பின்னால் இருக்கிற எல்லாப் பாடும் ஒரு நாள் நகரும். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் காலண்டரில் செத்தவர்களுக்கும் ஓட்டு உண்டு. அந்தத் தாத்தா போட்ட ஓட்டில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடாகிவிட்டது. படகு சவாரி போச்சு.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. பெண்கள் அந்த வட்டத்துக்குள் போவதில்லை, நான் போனேன். "ஒரே ஒரு வாட்டி அடுத்த குப்பத்துக்காரங்க கிட்ட பாட்ட மாத்திக்கலாமா? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க" என்றேன்.

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தார். "இன்னாடா, உன் பொண்ணு ஏரிக்கே டைம்டேபிள் போடுது?"

"ஞாயித்துக்கெழம லீவுன்னு எறா கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார் இன்னொருவர்.

"சொல்லிப் பார்த்தேன், அதுக்கு ஹோம்வொர்க் இருக்குதாம்" என்றேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"பாடுன்னா வெளையாட்டு இல்ல. இன்னிக்கு உனுக்கு மாத்தினா நாளிக்கு அவனுக்கு, நாளான்னிக்கு இவனுக்கு. அப்புறம் மொற இன்னாத்துக்கு? பொட்டப் புள்ளய நடுவுல வுட்டு வேடிக்கை பார்க்கிறியா நீ?" என்று நைனா பக்கம் திரும்பினார்.

நைனா எழுந்து துண்டை உதறினார். "அது கேட்டதும் தப்பில்ல, நீங்க இல்லன்னதும் தப்பில்ல. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்ததால் வந்த அழுகை அது, அதனால் சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை.

அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ரிசார்ட் பிடித்திருப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன், எஸ்தர் ஆசை ஆசையாக வரைந்திருந்த படகைக் கரித்துண்டால் அடித்தேன். அவள் கீழே நின்று "அய்யோ, பாயாவது இருக்கட்டும்டி" என்று கெஞ்சினாள். பாயும் இல்லை, படுக்கையும் இல்லை, எல்லாம் அடித்தேன். மிச்ச இடத்தில் எழுதினேன்: "படகு கிடையாது. படகெல்லாம் அன்றைக்கு வேலைக்குப் போகிறது. நாங்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். கப்பு அடிக்கும். நிழல் கிடையாது. இறால் குழம்பு உண்டு. தைரியம் உள்ளவர்கள் மட்டும் பெயர் எழுதவும்."

மணி அடிப்பதற்குள் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. முரளி பேனாவை இரவல் கொடுத்து உதவி செய்தான். தலைமை ஆசிரியர் வந்து படித்துவிட்டு, "வேலை செய்றத பார்க்கிறதுக்கு ஒரு டூரா? இத மொதல்ல கழட்டுங்க" என்றார். குணசேகரன் சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவள் எழுதினதில் பொய் எதுவும் இல்லை சார், இருக்கட்டும்" என்றார். தட்டி இருந்தது. ஆனால் சோழவரம் ஜெயித்தது. பள்ளிக்கூடம் அங்கே போவதென்று முடிவாயிற்று. எங்கள் தட்டியில் எஸ்தரையும் சேர்த்து அடிபடாமல் மிஞ்சிய பெயர்கள் ஒரு கையில் அடங்கும். அந்த ஒரு கை பேர் மட்டும், சோழவரத்துக்குப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் எங்கள் குப்பத்தில் வந்து இறங்கினார்கள். நான் சொல்லவில்லை, வாருங்கள் என்று கெஞ்சவும் இல்லை. வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி பத்மா, ரயில்வேக்காரர் மகள். மீனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். படகுகள் கிளம்பத் தயாராக நின்றன, வலைகள் மணலில் நீளமாகக் கிடந்தன. தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் பத்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிடந்த வலையை ஒரே தாண்டாகத் தாண்டி ஓடினாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை வலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாது என்பார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், நான் அதைத் தட்டியில் எழுத மறந்தேன்.

"ஏய்! வலையத் தாண்டிட்டா பாரு! போச்சுடா, இன்னிக்குப் பாடு போச்சு!" என்று ஒருவர் கத்தினார். கரை முழுக்கக் கூச்சல். பத்மா எந்தப் பக்கம் போனால் குற்றம் இல்லை என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அழுதாள். "டவுனுக்காரப் புள்ளைங்கள மொதல்ல பஸ்ல ஏத்தி அனுப்பு. வந்த பஸ்ஸு இன்னும் நிக்கிது" என்றார் பெரியவர். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். இவர்கள் திரும்பிப் போனால் இனி ஒரு ஜென்மத்துக்கும் யாரும் எங்கள் ஊருக்கு வரமாட்டார்கள். எழுதின தட்டி, அடித்த படகு, வராந்தாவில் வாங்கின சிரிப்பு, எதற்கும் அர்த்தம் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. அந்த வலையை நானும் தாண்டினேன். அந்தப் பக்கம் போய்ப் பத்மா பக்கத்தில் நின்றேன். பத்தாததற்கு மறுபடி தாண்டி இந்தப் பக்கம் வந்தேன்.

"இப்போ நானும் தாண்டிட்டேன். ரெண்டு வாட்டி. என்ன எந்த பஸ்ல ஏத்துவீங்க? எந்த ஊருக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

என்னை அடிக்க வேண்டுமென்றால் நைனாதான் அடிக்க வேண்டும். எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார். "நீரு மாறுது. வலைய எடுங்கடா" என்றார். அவ்வளவுதான். எடுத்தார்கள், போனார்கள்.

அன்றைக்கு இறால் எப்போதும் போலத்தான் விழுந்தது. குறைந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். எப்போதும் போல விழுந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் வந்தவர்களின் கையில் கூடையைக் கொடுத்து, பெரிய இறால் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னார்கள். பத்மா முதலில் இரண்டு விரலால் எடுத்தாள், மத்தியானத்துக்குள் இரண்டு கையாலும் அள்ளினாள். அவள் கொண்டு வந்த புளிச்சோற்றை நாங்கள் தின்று தீர்த்தோம். இறால் குழம்பை அவள் தொடவில்லை, மோந்து மட்டும் பார்த்தாள். கல்லறைக்குப் போக நேரமே இல்லை. ஊர், இனிமேல் ஒரு மாதம் நான் வலை கிடக்கிற பக்கமே வரக்கூடாது என்று தண்டனை போட்டது. அதற்கு முன்னால் மட்டும் என்னை வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிட்டார்கள்?

சோழவரத்துக்குப் போனவர்கள் கதையைத் திங்கட்கிழமைதான் கேட்டோம். ரேஸ் வருஷத்தில் சில நாட்கள்தான் நடக்கும், அன்றைக்கு இல்லை. நீள நெடுக வெறும் ஓடுதளம், அதன் மேல் ஆடுகள். ஆடுகளுக்குள்ளும் போட்டி எதுவும் நடக்கவில்லையாம். குணசேகரன் சார் வகுப்புக்கு வந்ததும் என்னை எழுப்பினார். "உன் தட்டியில் எழுதினது எல்லாம் அங்கே இருந்ததா?" என்றார். "கப்பு மொதக்கொண்டு இருந்துச்சி சார்" என்றேன். எனக்கு என்ன மார்க் என்று சொல்ல மாட்டேன். முரளியை விட ஜாஸ்தி.

இதை எதற்குச் சொல்கிறேன்? நீ எனக்குப் பயந்து விருந்தை மாற்றுவாய் என்பதற்காக இல்லை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது ஒன்று உண்டு. இல்லாததைச் சொல்லி வரவழைத்தவர்கள் வந்த அன்றே நம்மைக் கணக்கு பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இருப்பதைச் சொல்லியும் வந்தவர்கள் மட்டும்தான் உட்கார்ந்து கூடையைக் கையில் எடுக்கிறார்கள். நீ அந்தப் பெண்ணோடு ஒரு நாள் சுற்றுலா போகப் போவதில்லை, ஒரு ஆயுசு இருக்கப் போகிறாய். அதற்கு ரிசார்ட்டில் வாசல் வைக்கிறாயே! நம் வீட்டில் குளிர்சாதனம் இல்லை. கொல்லையில் கருவாடு காய்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் பார்த்தால் கிரேன்கள் நிற்கின்றன, படம் எடுத்தால் அழகாக விழாது. இதற்கெல்லாம் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன்னைக் காலேஜுக்கு அனுப்பியது அந்தக் கருவாடு. நீ கட்டப்போகிறவள் அதன் வாசனையை நம் வீட்டில் முகர்ந்துவிட்டு முகம் சுளித்தால், சுளிக்கட்டும். அது முதல் நாளே தெரிவது உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. பத்து வருஷம் கழித்துச் சுளித்தால்தான் ஆபத்து.

ஆகவே உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் மாமியாராகப் போகிறவருக்கு நேற்று போன் பண்ணினேன். "சம்பந்தி, மறுவீட்டு விருந்து எங்க ஊட்லதான். ரிசார்ட்ட என் புள்ள கேன்சல் பண்ணுவான், அவனுக்கு இன்னும் தெரியாது" என்றேன். அப்புறம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ரோடு பாதி தூரம்தான் நல்ல ரோடு. கப்பு அடிக்கும். நாற்காலி எல்லாருக்கும் வராது, பாய் வரும். அன்றைக்குப் பாடு எந்தக் குப்பத்துக்கு என்று இப்போது சொல்ல முடியாது, யாராவது செத்தால் மாறும். அதனால் படகு உண்டு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

"அப்போ நீங்க எங்கள இவ்ளோ நாளா எதுக்குக் கூப்பிடல?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம், நிஜமான கோபம். "உங்க புள்ளைய மூணு வாட்டி கேட்டோம், உங்க ஊட்டப் பார்க்கணும்னு. அங்க ரிப்பேர் வேல நடக்குதுன்னு மூணு வாட்டியும் சொன்னாரு. எங்களத்தான் கூப்பிட இஷ்டமில்லையோன்னு நாங்க ஊட்ல எவ்ளோ சங்கடப்பட்டோம் தெரியுமா?"

அதற்கு நான் உன் சார்பில் பதில் சொல்லவில்லை. நீயே சொல்லிக்கொள். பேசி முடித்துப் போனை வைக்கப் போகும்போது, "எங்க பக்கம் நாலஞ்சு பொம்பளைங்க இருக்கோம், எறா உரிப்போம். மொத நாளே வந்துடட்டுமா?" என்று கேட்டார். வரச் சொல்லிவிட்டேன். அவர்கள் வருவதற்குள் நீ வந்து சேர். ரிப்பேர் வேலை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, கூரையில் ஓடு மாற்ற ஆள் தேவைப்படுகிறது.

உன் அம்மா